முதலில் யாரைக் கேட்பது?

பல்லாங்குழியை உருவாக்கியவர் இவர்தாம் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆடியவர்களே அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அதனால்தான் அதன் விதிகள் ஊருக்கு ஊர் சற்றே மாறுகின்றன. இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படி உருவாவதில்லை. ஒரு குழு வடிவமைக்கிறது. வேறு பலர் விளையாடுகிறார்கள். இவ்விரு தரப்பினரும் எப்போது சந்திக்க வேண்டும்?

விளையாட்டு முழுமையடைந்த பிறகு சந்தித்தால், ஒரு விதியை மாற்றுவதற்கும் பல மாத உழைப்பைக் கலைக்க நேரலாம். தாளில் வரைந்த நிலையிலேயே குறை தெரிந்துவிட்டால், ஓர் அழிப்பான் போதும்.

1995ஆம் ஆண்டு வெளிவந்த 'கட்டான்' என்னும் பலகை விளையாட்டை உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் டாய்பர். செயற்கைப் பற்கள் செய்யும் தொழிலில் இருந்த அவர், முற்றுப்பெறாத தம் விளையாட்டுகளை மனைவி மக்களுடன் ஆடிப் பார்த்துத் திருத்தினார்.

சிங்கப்பூரிலும் இந்த அணுகுமுறையைக் காணலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் செம்பவாங்கில் ஒரு விளையாட்டுத் திடலை அமைத்தபோது, குடியிருப்பாளர்களிடம் முதலில் யோசனை கேட்டது. பின்னர், அதை உருவாக்கும் பணியிலும் அவர்கள் கைகொடுத்தார்கள்.

தேக்கா வட்டாரத்து முதியவர்களுக்காக, கைக்கணினியில் இயங்கும் பல்லாங்குழியை மாணவர்கள் சிலர் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். பளிச்சிடும் வண்ணங்களும் வேகமும் வேண்டும் என்று அவர்கள் எண்ணலாம். ஒரு பாட்டியிடம் கேட்டால், "எனக்கு ஆட்டத்தைவிட, எதிரில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சோழி போடுவதுதான் பிடிக்கும்," என்று அவர் சொல்லக்கூடும். அந்த ஒரு பதில் திட்டத்தையே மாற்றிவிடும். தனியாக ஆடும் விளையாட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் விளையாட்டாகிவிடும்.

ஆனால், கேட்பது மட்டும் போதாது. பேரப்பிள்ளைகள் செய்தது என்றால், "நன்றாக இருக்கிறது கண்ணு," என்றுதான் பாட்டி சொல்வார். அவருடைய விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வாய் சொல்லாத உண்மையை விரல் சொல்லிவிடும்.

விளையாடுபவர் கூறும் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. எதை ஏற்பது, எதை விடுவது என்பதை வடிவமைப்பாளரே முடிவு செய்ய வேண்டும். எனினும், அவர்களைக் கேட்காமலே எடுக்கும் முடிவு வெறும் ஊகம்தான். மாணவர்களே, உங்கள் அடுத்த திட்டப்பணியில் முதல் கோட்டை வரைவதற்கு முன் யாரிடம் பேசப் போகிறீர்கள்?