கிட்டவா, தூரவா?

பாங்கொக் போவதற்கு இரண்டு கிழமைக்கு முதலே எங்களில் ஒருத்தி பட்டியல் போடத் தொடங்கிவிட்டாள். நாலு பேருக்கும் பொதுவான வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு இரவும் ஐந்து சொற்கள் வந்து விழும். சவத்தீ, வணக்கம். கோப் குன், நன்றி. கோ தோத், மன்னிக்கவும். தாவ் ரை, எவ்வளவு. ஹோங் நாம், ரொய்லெற். ஆங்கில எழுத்தில் வாசித்தால் ஆளுக்கொரு உச்சரிப்பு வருகுது என்று தமிழிலேயே எழுதி அனுப்பினாள். தமிழில் வாசித்தும் ஆளுக்கொரு உச்சரிப்புத்தான் வந்தது, அது வேற கதை. "தாய் மொழி படிக்கிறம்" எண்டு வீட்டில சொல்ல, ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவு நாளும் என்ன மொழி கதைச்சனீங்கள்?" எண்டு கேட்டவ.

முதல் பிழை விமான நிலையத்திலேயே தொடங்கியது. தாய் மொழியில் மரியாதைக்கு வசனத்தின் முடிவில் ஒரு சின்ன வால் சேர்க்க வேண்டும். ஆண் என்றால் 'க்ரப்', பெண் என்றால் 'கா'. எதிரில் நிற்கிறவர் யார் என்பது கணக்கில்லை, சொல்லுகிறவர் யார் என்பதுதான் கணக்கு. எங்களுடைய பெடியன் ஒருத்தன் யூரியூப்பில் ஒரு பெண் படிப்பித்ததைப் பார்த்துப் பாடமாக்கியவன். குடிவரவு மேசையிலிருந்து தண்ணிப் போத்தல் வாங்கின கடை வரைக்கும் இரண்டு நாளாக "சவத்தீ கா" சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருத்தரும் திருத்தவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் தன் உச்சரிப்பு அவ்வளவு வடிவு என்று நினைத்துக்கொண்டான். பிறகு 'கா' சொல்லுகிற திருநங்கைகள் பலரைக் கண்டோம். எந்த வாலைச் சேர்க்கிறது என்பதை அவரவர் தீர்மானிக்கிற ஊரில், பிறத்தியார் வந்து திருத்தாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எங்களுக்குப் பட்டது.

இந்த வாலை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறவர்களில் எங்களுக்கு இப்போது கோபம். "தாவ் ரை?" என்று மட்டும் கேட்டால் "எவ்வளவு?" என்று முகத்தில் அடித்த மாதிரி. வாலோடு கேட்டால் அது எங்கட 'ங்கோ' மாதிரி. முறை சொல்லிக் கூப்பிடுகிறதும் அப்படித்தான். கடைக்காரி கொஞ்சம் மூத்தவ என்றால் 'பீ', வயது குறைந்த பிள்ளை என்றால் 'நோங்'. முன்பின் தெரியாத ஆளை அக்கா, தம்பி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை. சந்தித்தவுடன் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற பழக்கமும் அங்கே இருக்கிறது: "கின் காவ் ரூ யாங்?" சொல்லுக்குச் சொல் எடுத்தால், சோறு தின்றாச்சா, இன்னும் இல்லையா.

சுலபமான பகுதி இவ்வளவுதான். இனி வருவது சுரம். தாய் மொழியில் ஐந்து சுரங்கள். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, நேரே போகிறதா என்பதைப் பொறுத்துச் சொல்லின் பொருளே மாறிவிடும். 'மை' என்பது ஒரு சுரத்தில் இல்லை, இன்னொன்றில் கேள்வி, இன்னொன்றில் புதியது, இன்னொன்றில் மரம். எங்கள் காதுக்கு எல்லாம் ஒரே மை. ஆனால் இடத்தை வைத்துப் பிடிக்கலாம் என்று பிறகு கண்டுகொண்டோம். தலையில் நின்றால் இல்லை, வாலில் நின்றால் கேள்வி. "பெத் மை?" என்றால் உறைப்பா? "மை பெத்" என்றால் உறைப்பில்லை. இதைச் சரியாகப் பிடிப்பதற்குள், பப்பாசிக்காயை உரலில் இடித்துச் செய்கிற 'சோம் தம்' விற்கிற வண்டிலடியில் எங்கள் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் கர்வம் ஒருநாள் அழுதுவிட்டது. கச்சான், தேசிக்காய்ப்புளி, கூனி இறால் எல்லாம் தெரிந்த சாமான்கள்தானே என்று "பெத், பெத்" என்று தலையாட்டினோம். அந்தப் பச்சை மிளகாய் வேற சாதி.

பெரிய அடி 'க்ளை'யில் விழுந்தது. யாவோவராத் சீனத்தெருவில் நின்று, சீலோம் றோட்டில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போக வழி கேட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டின கோயில். ஊர்ச்சனம் அதை 'வாத் கேக்' என்று சொல்லும். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்திய, மலாய்ச் சாயலில் இருக்கிறவர்களுக்கும் அதே சொல்தான், ஆகவே எங்களுக்கும். "வாத் கேக், க்ளை மை கா?" என்று கேட்டோம். பழம் விற்ற அம்மா "க்ளை, க்ளை" என்றா. குரல் மேலிருந்து கீழே விழுந்தால் அது கிட்ட. விழாமல் நேரே போனால் தூரம். அவ சொன்னது எதுவென்று நாலு பேருக்கும் நாலு அபிப்பிராயம். கடைசியில் ஆசை வென்றது. கிட்ட என்று முடிவுகட்டி, சரோன் க்ருங் றோட்டால் மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட நடந்தோம். நாங்கள் கேட்டது கிட்டவா என்றா, தூரவா என்றா என்பதே எங்களுக்குத் தெரியாது என்று பாதி வழியில்தான் ஓடி வெளித்தது. கோயிலுக்குள்ளே பூத்தட்டோடு நின்றவர்களில் அநேகம் பேர் தாய்லாந்துச் சனம். அம்மனுக்கு முன்னால் அவர்கள் வெகு சாதாரணமாக நின்றார்கள். விருந்தாளி மாதிரி முழித்துக்கொண்டு நின்றது நாங்கள்தான்.

நாலு பேரில் ஒருத்தன் மட்டும் எங்களைவிட வேகமாகப் படித்தான். கொழும்பில் வேலை செய்கிறவன், சிங்களம் தண்ணிபட்ட பாடு. தாயில் மொழிக்கு 'பாஸா', சிங்களத்தில் பாஷாவ. நேரத்துக்கு 'வேலா', சிங்களத்தில் வேலாவ. உணவுக்கு 'ஆஹான்', சிங்களத்தில் ஆஹார. சமஸ்கிருதமும் பாளியும் இரண்டு மொழிக்குள்ளும் போய்க் கிடக்கின்றன. எங்களுக்கென்று கிடைத்தது ஒரேயொரு சொல். புகையிரதத்துக்கு அங்கே 'ரோத் ஃபை'. ரோத் என்றால் இரதம், ஃபை என்றால் தீ. அவர்கள் நெருப்பைப் பார்த்திருக்கிறார்கள், நாங்கள் புகையைப் பார்த்திருக்கிறோம். ஹுவா லம்போங் ஸ்ரேசனில் இதை நினைத்து நல்லாச் சிரித்தோம். ஆனால் இருபது வருசத்துக்கு மேல் சிங்களத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, அந்தச் சொற்களைப் பாங்கொக்கில் கேட்டு ஆச்சரியப்பட்டது கொஞ்சம் உறுத்தியது.

எங்களுக்கு இன்னொரு மொழியில் பிழை விடுவது என்றால் பயம். ஓமந்தைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகள். வீட்டில் சத்தம் போட்டுக் கதைக்கிற அப்பா அங்கே "மாத்தயா" என்று தொடங்கி மூன்று சொல்லில் முடிப்பார், குரலும் இறங்கிவிடும். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தைப் பிறகு புத்தகத்தில்தான் படித்தோம். ஆனால் ஒரு மொழி மனிசரைக் குனிய வைக்கும் என்பதை அதற்கு முதலே பார்த்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் சிங்களம் இருந்தது, மாக்ஸுக்குப் பாடமாக்கி, சோதினை முடிய மறந்தோம். "நாங்கள் ஏன் படிக்கோணும், முதல்ல அவை தமிழ் படிக்கட்டுமன்" என்கிற வசனத்தில் நியாயம் இருக்கிறது என்று இப்பவும் நினைக்கிறோம். ஆனால் ஒரு பாஷையைப் பிழைபிழையாய்க் கதைத்துக் கூச்சமில்லாமல் சிரிக்கிறது எப்படியிருக்கும் என்பதை நாங்கள் அறிந்தது பாங்கொக்கில்தான்.

அந்தச் சந்தோசத்திலும் ஒரு முள். நாங்கள் தங்கியிருந்த இடத்தில் அறை துப்புரவாக்கினவ மியன்மாரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. எங்கள் தாயை விட அவவின் தாய் நூறு மடங்கு திறம். ஆனால் மனேச்சரோடு கதைக்கும்போது அவவின் குரல் இறங்கிவிடும், தெரிந்த சொல்லையும் ஒருக்கா நிதானித்துத்தான் சொல்லுவா. அந்தக் குரலை எங்களுக்கு ஓமந்தையிலேயே தெரியும். காசு செலவழிக்க வந்தவர்களின் பிழைக்குச் சிரிப்புக் கிடைக்கும், பிழைக்க வந்தவர்களின் பிழைக்கு அப்படியில்லை.

எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைச் சோம் தம் வண்டில் பீதான் தந்தா. அவ கடகடவென்று ஏதோ கேட்க, நாங்கள் சும்மா தலையாட்ட, சுளகு மாதிரிக் கையை விசிறி நிறுத்தி, "மை காவ் ஜை?" என்றா. விளங்கவில்லையா? காவ் என்றால் உள்ளே போவது, ஜை என்றால் மனசு. மனசுக்குள்ளே போகவில்லை. நாங்கள் மண்டைக்குள்ள ஏறேல்லை என்கிறோம், அவர்களுக்கு மனசு. போகிறவர்களுக்கு நாங்கள் ஒரேயொரு சொல் தரலாம் என்றால் அதைத்தான் தருவோம், வாலோடு: "மை காவ் ஜை க்ரப்", "மை காவ் ஜை கா". விலை கேட்கிற சொல்லுக்குக் கல்குலேற்றரை நீட்டுவார்கள். இதைச் சொன்னால் இன்னொருக்கா, ஆறுதலாக, உங்களைப் பார்த்துச் சொல்லுவார்கள்.

திரும்பி வரும்போது கட்டுநாயக்காவிலிருந்து இரவு வான். தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். கொழும்புக்காரப் பெடியன் நல்ல நித்திரை, வழக்கமாக அவன்தான் எல்லாருக்கும் கதைக்கிறவன். எங்களில் பட்டியல் போட்டவள் இறங்கிப் போய் "கீயத?" என்று கேட்டாள். கடைக்காரர் நித்திரைக் கண்ணோடு நீளமாக ஏதோ சொன்னார். அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு "மட்ட தேரென்ன நே" என்றாள். அவர் ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த கல்குலேற்றரில் அமத்தி எங்கட பக்கம் திருப்பினார்.