பாலமாகக் கிடத்தல்

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு நசுங்கிப் படுக்கையுற்ற எம் தம்பி, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாளிதழை எம்மிடம் நீட்டினான். போலந்து நாட்டில், கத்திக்குத்தால் தண்டுவடம் அறுபட்ட ஒருவர் வாக்கர் துணையுடன் நடக்கிறார் என்றது செய்தி.

மோப்ப நரம்புகள் வாழ்நாளெல்லாம் புதிதாய்த் தோன்றுபவை. அவற்றிற்கு வழிகாட்டும் உயிரணுக்களை அம்மனிதரின் மோப்பக் குமிழிலிருந்தே எடுத்து வளர்த்து, 2012இல் மருத்துவர் பாவெல் தபாக்கோவ் குழுவினர் தண்டுவடத்தில் செலுத்தினர். அறுபட்ட 8 மில்லிமீட்டர் இடைவெளியில், அவருடைய கணுக்கால் நரம்பின் கீற்றுகளைப் பாலமாக இட்டனர். இதற்கு அடித்தளமிட்டது லண்டன் அறிஞர் ஜெஃப்ரி ரெய்ஸ்மனின் நெடுங்கால ஆய்வு.

"எனக்கும் இப்படிச் செய்வார்களா, அண்ணா?"

ஆம் என்றிருந்தால் அன்றிரவு அவன் நிம்மதியாய் உறங்கியிருப்பான். ஆனால் கூரிய வெட்டு வேறு, நசுங்கல் வேறு. ஒருவர் எழுந்ததைக் கொண்டு எல்லாருக்கும் வாக்களிக்க இயலாது. உள்ளதைச் சொன்னோம். அவன் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டான். நாம் எழுந்து போகவில்லை.

அச்செய்தியை மீண்டும் படித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பாலம் நரம்பைப் படைப்பதில்லை. வளரும் நரம்புக்கு வழியாகக் கிடக்கிறது, அவ்வளவே. கடக்க வேண்டியது நரம்புதான். அம்மனிதரும் நாளொன்றுக்கு 5 மணி நேரம் பயிற்சி செய்தே அடியெடுத்து வைத்தார்.

தம்பியின் கால்கள் இன்றும் அசையவில்லை. மாலைதோறும் அவற்றை நீட்டி மடக்கிவிடுகிறோம்; அவன் பேசுகிறான். குணமாக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஒருவர் கடந்து செல்லும்வரை அசையாது கிடக்க, நம்மாலும் இயலுமன்றோ?