சந்திரகிரியில் கண்ட அடிவானம்

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், சென்ற தை மாதத்தில் சந்திரகிரிக்குச் சென்றிருந்தோம். திருப்பதியிலிருந்து பாகாலா செல்லும் ரயில் வழியிலுள்ள அவ்வூரில்தான் நாம் பிறந்து வளர்ந்தோம். நம் தமக்கையார் இறுதிவரை வாழ்ந்ததும் அங்கேதான். மரமே சேர்க்காமல் கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய ராஜமகாலைப் பேரனுக்குக் காட்டிவிட்டு, குன்றுச் சரிவில் சற்று ஏறி அமர்ந்தோம்.

“தாத்தா, வானம் முடிகிற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது?” என்றான் பேரன். அங்கே போனால் அந்த எல்லையும் நம்மோடு நகர்ந்துவிடும் என்றோம். பிள்ளை விடுவதாயில்லை. ஆகவே அண்டத்தின் அடிவானத்தையே சொல்ல வேண்டியதாயிற்று.

அண்டம் விரிகிறது; அவ்விரிவின் வேகமும் மிகுகிறது என்று 1998ஆம் ஆண்டில் வானியலார் கண்டனர். அதனால் ஏறத்தாழ 1,600 கோடி ஒளியாண்டுத் தொலைவுக்கு அப்பாலுள்ள விண்மீன் கூட்டங்களிலிருந்து இன்று புறப்படும் ஒளி என்றுமே நம்மை வந்தடையாது. முன்பே புறப்பட்ட ஒளி மட்டும் வந்துகொண்டிருக்கும். அதுவும் நாளடைவில் சிவந்து, மங்கி, இடைவெளி நீண்டு நீண்டு வரும்.

இந்த எல்லைக்கும் ஓர் உஷ்ணநிலை உண்டென்று 1977இல் கிப்பன்ஸ், ஹாக்கிங் என்னும் அறிஞர் இருவர் கணித்தனர். ஒரு டிகிரியை, 1க்குப் பின் 30 சுழிகள் இட்ட எண்ணால் வகுத்தால் வருவதில் இரண்டு மூன்று பங்குதான் அது. அதில் குளிர்காய ஒருவராலும் இயலாது! ஆயினும் உஷ்ணம் உஷ்ணமே. எல்லையின் பரப்பளவோ, அதற்கப்பால் நமக்கு மறைந்திருப்பவற்றுக்கு அளவுகோலாகிறது. திருவனந்தபுரத்தில் பிறந்து, புணேயில் பணியாற்றி, 2021இல் மறைந்த தாணு பத்மநாபன், இத்தகைய எல்லைகளின் உஷ்ணக் கணக்கிலிருந்தே ஈர்ப்பின் விதிகளைப் பெறலாம் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

இதில் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. அண்டத்துக்கு நடுவிடம் என்று ஒன்றில்லை. எவ்விடமும் மற்றதற்குச் சமம். ஆகவே அவரவர்க்கு அவரவர் எல்லை.

“அப்படியானால், அங்கே இருப்பவர்களுக்கு நாமல்லவா மறைந்து போகிறவர்கள்?” என்றான் பேரன்.

நாம் வாய் திறக்கவில்லை. கடல் கடந்து சென்ற புதிதில் தமக்கையாரின் கடிதம் வாரந்தோறும் வரும். பின்னர் மாதத்துக்கு ஒன்றாயிற்று; அதன்பின் பொங்கலுக்கு ஒன்று. அயலில் வாழும் அன்பர்கள் இதை நன்கறிவார்கள். “எங்களை மறந்துவிட்டீர்களா, அக்கா?” என்று குறைப்பட்டு எழுதினோம். 1983இல் அவர் மறைந்த செய்தி தந்தியில் வந்தது. அதற்கு நான்காம் நாள் அவருடைய கடைசி வான்கடிதம் வந்து சேர்ந்தது. “தம்பி, உன் கடிதம் வருவதே அரிதாகிவிட்டதே” என்று அதே குறையை அவரும் எழுதியிருந்தார்.

குன்றிலிருந்து இறங்கி வந்த மாலையில், தமக்கையாரின் மகள் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நாம் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அதில் அடுக்கியிருந்தன. பேரன் எண்ணினான், 43. அவர் எழுதியவை நம் வீட்டில் கட்டாக இருக்கின்றன. அவை நூற்றுக்கும் மேல்.