பேத்தை வீட்டுப் பிரசவம்

மீன் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணும் அன்பர்கள், ஆபத்து வந்தால் வயிற்றைப் பந்து போல் உப்பிக்கொள்ளும் பேத்தை மீனை வாங்கிப் பார்க்கட்டும். அப்புறம் பொழுது அவர்கள் வசம் இராது.

சென்னைக் கொளத்தூரில் ஒரு மீன் கடையில்தான் நாம் அதை முதலில் கண்டோம். ஓர் அங்குல நீளம். பச்சையும் மஞ்சளும் கலந்த மேனி. மேலே கரும் புள்ளிகள். ஒரு கண் நம்மைப் பார்த்தது. மற்றொரு கண் கடைக்காரரைப் பார்த்தது. "அயல்நாட்டுச் சரக்கு, சார்!" என்றார் அவர். உடனே நான்கு வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அயல்நாடாவது! 1941-ம் வருஷத்தில் சுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் உலகுக்கு அறிவித்த, திருவிதாங்கூர்ப் பம்பை நதியின் மீன் அது. சபரிமலை யாத்திரையில் அதே பம்பையில் மும்முறை முழுகி எழுந்தவர்கள் நாம். பாவம் போயிற்றா என்று பார்த்தோமேயன்றி, அந்த நீரில் குடியிருப்பவர் யார் என்று பார்த்தோமில்லை. நதிகளின் பெயரை மட்டும் பிள்ளைகளை உருப்போட வைக்கும் வாத்தியாருக்கு இது தகுந்த தண்டனைதான்.

அதைவிடப் பெரிய தண்டனை பிறகு வந்தது. கடையில் கொடுத்த உலர்ந்த தீனியைப் பேத்தைகள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பசித்தால் தின்னும் என்று இருந்துவிட்டோம். ஒரு மாதத்துக்குள் இரண்டு இறந்தன. பேத்தையின் பற்கள் கிளியின் அலகு போன்றவை, ஓயாமல் வளர்பவை, நத்தை ஓட்டைக் கடித்தே தேய வேண்டியவை என்பதை அதன் பின்னரே கற்றோம். நம் புதல்வி தோட்டத்துத் தொட்டியிலிருந்து சிறு நத்தைகளைப் பொறுக்கி வந்தாள். மிஞ்சிய இரண்டும் பிழைத்தன.

இன்னொன்றும் அறிந்தோம். கடைகளுக்கு வரும் இம்மீன்களில் பல, ஆற்றிலே பிடிக்கப்படுபவை. விமானமேறி வெளிநாடுகளுக்கும் செல்பவை. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைப் பட்டியலிட்டிருக்கிறது. அப்படியானால் நாம் வாங்கியது அழகுப் பொருளன்று, ஆற்றின் சொத்து. அதற்கு ஈடு செய்வதென்று தீர்மானித்தோம்.

நல்ல வேளையாக, ஒன்று ஆண், மற்றொன்று பெண். ஆணின் வயிற்றடியில் ஒரு கருங்கோடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்களும் காணப்படும். பெண் சற்றுப் பருத்திருக்கும். தொட்டியில் பாசியை அடர்த்தியாக வளர்த்தோம். ஒருநாள் அதனுள்ளே, ஊறிய கசகசாவைப் போல் மூன்று நான்கு முட்டைகள்! பெற்றோரே தின்றுவிடக்கூடுமாதலால், பாசியோடு அவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றினோம். சுமார் 5 நாளில் குஞ்சுகள் வெளிவந்தன. ஆனால், அவற்றின் வாயில் நுழையும் தீனி நம்மிடம் இல்லை. ஒன்றும் பிழைக்கவில்லை.

மறுமுறை, சருகு ஊறிய நீரில் நுண்ணுயிர்களை முன்கூட்டியே வளர்த்து வைத்தோம். குஞ்சுகள் சற்று வளர்ந்தபின், உப்பு நீரில் பொரிக்கும் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைக் கொடுத்தோம். இரவில் எழுந்து எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தோம். "நம் குழந்தைக்குக்கூட நீங்கள் இப்படி விழித்ததில்லை!" என்றாள் மனைவி. உண்மைதான். மூன்று பிழைத்தன.

அவற்றை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுத்துவிடப் போகிறோம். அவருக்காக ஆற்றில் மூன்று குறையாதல்லவா?

"பம்பையிலிருந்து வந்தவை நான்கு, நாம் வளர்த்தவை மூன்று. இன்னும் ஒன்று பாக்கி, அப்பா!" என்கிறாள் புதல்வி. கணக்கு சரிதான்.