வல்வெட்டித்துறையில் ஒரு பட்டப் பொங்கல்

தைப்பொங்கல் அன்று மனோர் பார்க்கில் நாலேகால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். காலையில் குக்கரில் பொங்கி, சேர்ச் ரோட்டு முருகன் கோயிலுக்கு ஒரு நடை போய்வந்தால் எங்கட பொங்கல் முடிந்தது. அதே நாள் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் கப்பலும் விமானமும் மயிலும் வானத்தில் ஏறும். அவ்வளவும் பட்டங்கள். அவ்வளவும் வீட்டு முற்றத்தில் கட்டியவை.

வல்வெட்டித்துறை என் அம்மாவின் ஊர். மகளுக்கு நாலு வயசாக இருந்தபோது அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் போட்டியைப் பார்க்கப் போனோம். இங்கிலாந்தில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து, அதற்கடுத்த தவணை தொடங்கும்போதுதான் பள்ளிக்கூடம் கட்டாயம். அதற்குப் பிறகு ஜனவரி நடுவில் லீவு கேட்டால் கிடைப்பது கஷ்டம். போக நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கோ.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து வானில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். போட்டியை ஊரின் விக்னேஸ்வரா சனசமூக நிலையமும் உதயசூரியன் கழகமும் நடத்துகின்றன. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு சனம் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கிவிடும். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பட்டம் வந்தது. இன்னொன்றை எட்டுப் பெடியள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார்கள். மின்கம்பியில் முட்டாமல் இருக்க ஒருவர் நீளத் தடியோடு முன்னால் நடந்தார். மகளுக்கு அந்த ஊர்வலமே ஒரு திருவிழா.

சின்ன வயசில் அம்மா சொல்லித் தெரிந்த பெயர்கள் கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், பாம்புப் பட்டம். அவை தட்டையானவை. போட்டிக்கு வருவது வேறு இனம். நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள கூடுகள். பார்த்தால் பறக்கிற சாமான் மாதிரியே இருக்காது. புதுமைக்கும் புள்ளி உண்டு, பறப்புக்கும் புள்ளி உண்டு. எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஏறாவிட்டால் சரி, அது வெறும் அலங்காரம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வள்ளப் பட்டம் நின்றது. துடுப்புப் போடுகிற ஆட்களும் அதில் இருந்தார்கள். முதல் தரம் இருபது அடி ஏறி மூக்குக் குத்தி விழுந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். மகள், "அப்பா, அது பாவம்" என்றாள். அதைக் கட்டிய ஐயா அவளைக் கூப்பிட்டு, "பிள்ளை, இஞ்சை வந்து பாருங்கோ. பட்டத்தில பிழையில்லை, முச்சையிலதான்" என்றார்.

முச்சை என்பது பட்டத்தின் உடம்பில் இரண்டு மூன்று இடங்களில் கட்டி ஒரு முடிச்சில் சேர்க்கும் நூல்கள். பெரிய கயிறு அந்த முடிச்சில்தான் பூட்டும். முடிச்சை மேலே தள்ளினால் பட்டம் காற்றுக்குப் படுக்கும். கீழே தள்ளினால் நிமிரும். அந்தச் சாய்வுதான் தூக்குவிசையைத் தீர்மானிக்கிறது. விமானச் சிறகுக்கும் இதே கணக்குத்தான். ஐயா முடிச்சை ஒரு விரற்கடை தள்ளிக் கட்டினார். பெடியள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வள்ளம் ஒருக்கால் ஆடி, பிறகு வாடைக்காற்றில் நிமிர்ந்து ஏறியது. விண் கூவத் தொடங்கியது. வில்லாக வளைத்த தடியில் இழுத்துக் கட்டிய நாடாதான் விண். காற்றில் அதிர்ந்து தேனீக் கூட்டம் மாதிரி இரையும். கரையில் நின்ற சனம் முழுக்கக் கை தட்டியது. மற்றக் குழுக்காரரும் தட்டினார்கள்.

இந்தக் கெட்டித்தனம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது? வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938இல் மாசச்சூசெட்ஸில் உள்ள குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய்க்கும் பட்டத்துக்கும் வேண்டிய அறிவு ஒன்றுதான்: காற்று எந்தப் பக்கம், துணி எந்தச் சாய்வு, முடிச்சு எங்கே.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கட பிள்ளைகள் நாளைக்கு இந்த ஊரின் பெயரைக் கூகுளில் தட்டினால் முதலில் வருவது போர்தான். அம்மா அங்கிருந்து வெளிக்கிட்டதும் அதனால்தான். 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை இங்கே 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. அது மறக்கக்கூடியது இல்லை, மறைக்கவும் கூடாது. வயது வரும்போது மகளுக்குச் சொல்லத்தான் வேணும். ஆனால் ஊர் என்றால் செத்தவர்களின் கணக்கு மட்டும் என்று ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால், அந்த ஊரில் அவளுக்குப் பங்கு என்று என்ன இருக்கும்? பரிதாபம் மட்டும்தான். வள்ளத்தைப் பறக்கவிட்ட ஊர் என்று முதலில் தெரிந்தால், பிறகு கேட்கப்போகும் இழப்பின் அளவும் அவளுக்குச் சரியாக விளங்கும். அன்றைக்கு அம்மா கடற்கரையில் நின்று மகளுக்குப் பட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஊரைப் பற்றி அவர் அழாமல் கதைத்ததை நான் கேட்டது அன்றுதான்.

இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். 1899இல் ரைட் சகோதரர்கள் சிறகை முறுக்கித் திருப்பும் யோசனையை முதலில் சோதித்தது ஒரு 5 அடிப் பட்டத்தில்தான். லண்டனிலும் இப்படி ஒரு போட்டி நடந்திருக்கிறது. 1907இல் 'டெய்லி மெயில்' பத்திரிகை அலெக்சாண்ட்ரா பேலஸில் மாதிரி விமானப் போட்டி வைத்தது. அதில் அலியட் வெர்டன் ரோ என்ற இளைஞர் 75 பவுண் பரிசு வென்றார். இரண்டு வருடம் கழித்து, 1909 ஜூலையில், வால்தம்ஸ்டோ சதுப்பு நிலத்து ரயில்பாதை வளைவுகளுக்குக் கீழே கட்டிய மூவடுக்குச் சிறகு விமானத்தில் அவரே பறந்தார். எஞ்சின் வெறும் 9 குதிரைவலு. சிறகுக்குத் துணி வாங்கக் காசில்லாமல் தாள் ஒட்டியிருந்தார். முழுக்கப் பிரிட்டனில் செய்த விமானம் ஒன்று இயந்திர வலுவில் பறந்தது அதுதான் முதல்தரம்.

மனோர் பார்க்கில் இருந்து ஸ்ட்ராட்போர்டில் மாறி லீ பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்தால் அந்த வளைவுகளில் பதித்த நீலப் பலகையைப் பார்க்கலாம். விமானம் சயன்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

வல்வெட்டித்துறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு புத்தி: பெரிய பட்டத்தின் கயிற்றுக்குப் பக்கத்தில் பிள்ளையை விடாதேங்கோ. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பட்டம் கயிற்றோடு ஒரு இளைஞரையே மேலே தூக்கிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போக ஏலாதவர்களுக்கு வொன்ஸ்டெட் பிளாட்ஸ் இருக்கிறது. இங்கே பட்டம் 60 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது சட்டம். மூங்கில் தடி தோட்டச் சாமான் கடையில் கிடைக்கும். முச்சை கட்டத் தெரிந்த ஒரு அம்மம்மாவோ தாத்தாவோ அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருப்பார். அவரைக் கேளுங்கோ.