குடத்தில் விழுந்த ஓலை

நாம் ஒருமுறை தேர்தலில் நின்றிருக்கிறோம். முள்ளுக்குறிச்சியில் இது யாருக்கும் தெரியாது. சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, வீடு வீடாகக் கும்பிட்டுப் போகவும் இல்லை. நின்ற பதவியோ சிறியதன்று. 21 வயது வரையிலான இளைஞர்களைக் கொண்ட இந்தியக் கூடைப்பந்து அணியின் மேலாளர் பதவி! நம்மை நேரில் அறிந்த நண்பர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். உயரம் ஐந்தடி நான்கங்குலம். படித்தது முதுகலைத் தமிழ். பிழைப்பு கல்லூரியில் இலக்கணமும் சங்க இலக்கியமும் சொல்லிக்கொடுப்பது. வாழ்நாளில் கூடையை நோக்கிப் பந்தெறிந்தது பள்ளி நாட்களில் மூன்று முறை. அதிலும் ஒன்று பலகையின் பின்புறத்தில் பட்டுத் திரும்பியது.

(தன்னை 'நாம்' என்று பன்மையில் சொல்லிக்கொள்வது வகுப்பறைப் பழக்கம். பொறுத்தருள்க.)

அந்த அணி இருப்பது கணினிக்குள்தான். 2007இல் தொடங்கிய 'பசர்பீட்டர்' என்னும் இணைய விளையாட்டு அது. பந்தை நாம் தொடுவதில்லை. ஆளுக்கு ஒரு கழகம் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது, பயிற்சி வகுப்பது, சம்பளம் கொடுப்பது, யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வது எல்லாம் நம் பொறுப்பு. ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசிய அணி, ஓர் இளையோர் அணி. அவற்றின் மேலாளர்களை அந்தந்த நாட்டில் விளையாடுவோரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த ஏற்பாடு பசர்பீட்டர் கண்டுபிடித்ததன்று. 1997இல் சுவீடனில் பிறந்த 'ஹாட்ரிக்' என்ற கால்பந்து விளையாட்டிலும் பயிற்றுநர் தேர்தல் உண்டு.

நம்மை இதற்குள் இழுத்துவிட்டவர் கணினித் துறை நண்பர் ஒருவர். அவர் மூன்று மாதத்தில் சலித்து விலகிக்கொண்டார். நாம் விலகவில்லை. இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பருவம் என்பது 14 வாரம். ஒவ்வொரு பருவம் கழியும்போதும் ஆட்டக்காரனுக்கு ஒரு வயது கூடும். 18 வயதில் வருகிற ஒரு பையன் 22ஐத் தொட 56 வாரங்கள்தாம். நாம் ஓராண்டு பாடத்திட்டத்தை முடித்து மூச்சு விடுவதற்குள் அவனுடைய இளமை முடிந்துபோகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய முகங்களைப் பார்த்துப் பார்த்து வழியனுப்பும் தொழிலில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு எங்கோ தைத்தது.

இளையோர் அணி மேலாளரின் நிலை இன்னும் வேடிக்கையானது. அணியில் ஆடும் ஒருவனும் அவனுக்குச் சொந்தமில்லை. பையன்கள் ஆங்காங்கே உள்ள கழகக்காரர்களின் உடைமை. மேலாளர் தேர்ந்தெடுக்கலாம், களத்தில் நிறுத்தலாம். பயிற்சி கொடுப்பது உடையவரின் விருப்பம். ஒரு கழகத்துக்கு ஒரு வாரத்தில் ஒரு பயிற்சிதான். அந்தப் பயிற்சியின் முழுப்பயனும் வேண்டுமானால் பையன் அதற்குரிய இடத்தில் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். வளையத்தடியில் நிற்கவேண்டிய நெடியவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு போகவும் கடத்திக் கொடுக்கவும் கற்பிக்க நினைத்தால், அவனைக் கார்டு இடத்தில் நிறுத்தி ஆடவைக்க வேண்டும். கழகம் தோற்கும். நெடியவனுக்கு அந்தத் திறன்கள் ஏறுவதும் மெதுவாகத்தான். ஆகவே நாட்டுக்காக ஒரு பையனை வளர்ப்பது என்றால் யாரோ ஒருவர் தம் கழகத்தின் வெற்றியை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலாளரின் வேலை அந்த 'யாரோ ஒருவரை'த் தேடிக் கடிதம் எழுதுவது.

நாம் நிற்கலாமே என்று தோன்றியது இதனால்தான். பிறர் பொருளைப் பாட்டுப் பாடிக் கேட்டுப் பெறுவது எப்படி என்று நம் மரபில் இல்லாத பாடமா? வன்பரணர் ஓரியைக் கண்டதும் இந்தக் கொல்லிமலைக் காட்டில்தான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஓர் அம்பில் வீழ்த்தியவன் யாரென்று அறியாமலே பாடிய பாணர் கூட்டம், ஊனும் தேனும் மணியும் பெற்றுத் திரும்பியதைப் புறநானூறு சொல்கிறது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அதே மலை. நம் தேர்தல் அறிக்கையையும் ஏறத்தாழ ஓர் ஆற்றுப்படை போலவே எழுதினோம், அரைகுறை ஆங்கிலத்தில். "கோப்பை வெல்வோம் என்று சொல்லமாட்டோம். 18 வயதுப் பையன் ஒவ்வொருவனுடைய உடையவருக்கும் வாரம் தவறாமல் எழுதுவோம். ஓரியின் அம்பு நம்மிடம் இல்லை. வாரத்துக்கு ஒரு பயிற்சிதான் இருக்கிறது. ஆகவே உங்கள் தோல்விகளை எங்களுக்குக் கடனாகத் தாருங்கள்." கடைசி வாக்கியத்தில் நமக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

போட்டியிட்டவர்கள் மூவர். ஒருவர் பேச்சோடு சரி. மற்றவர் புனேயில் மென்பொருள் வேலையில் இருந்த இளைஞர். எந்தப் பையனுக்கு எந்த வாரம் எந்தப் பயிற்சி என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருந்தார். இந்தியாவில் கூடைப்பந்து பார்ப்பவர்களே குறைவு. ஆடவர் அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980இல் மாஸ்கோவில் ஒரே ஒரு முறை. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரிலிருந்து சத்னம் சிங் 2015இல் டல்லாஸ் அணிக்குத் தேர்வான செய்தியையே நம் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் தவிர யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியிருக்க இந்த விளையாட்டில் நம் நாட்டு வாக்காளர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு திருமணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணாது. பத்து வாக்கு கூடினால் ஆட்சி மாறும்.

இது நடந்தது 2020இன் பிற்பகுதியில். ஊரடங்கில் கல்லூரி பூட்டிக் கிடந்தது. இராசிபுரம் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் வேலை நின்று, வீட்டிலிருந்தே திரை வழியாகப் பாடம். ஒரு நாள் நன்னூலைத் திரையில் காட்டுவதாக நினைத்துக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தைக் காட்டிவிட்டோம். அறுபது மாணவரும் தங்கள் ஆசிரியர் 'இந்திய மேலாளர் பதவிக்கு வேட்பாளர்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டார்கள். அன்று மாலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் எழுதினான்: "ஐயா, நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டுடுறோம். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

ஒருவருக்கு ஓர் அணி என்பதே அங்கு விதி. அறுபது பேரும் ஆளுக்கு ஓர் அணி பதிந்துகொண்டால் அந்த விதி மீறப்படாது. புதிதாக வந்தவருக்கு உடனே வாக்கு உண்டா என்று பார்ப்பதற்கு முன்பே மனம் கூட்டல் கணக்கைப் போட்டு முடித்திருந்தது. செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்யாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கும்பிடும் கை ஒன்றைப் பதிலாகப் போட்டோம். அந்த மஞ்சள் நிறக் கைக்கு எத்தனை பொருள் கொள்ளலாம் என்பது தமிழாசிரியனுக்குத் தெரியாதா என்ன?

இதில் கொடுமை என்னவென்றால், அதே வாரத்தில் நாம் நடத்திக்கொண்டிருந்தது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விதி விதியாகச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிற்பவனுக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 70ஐத் தாண்டக்கூடாது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவனுடைய உறவினரும் கூடாது. வேதம் வல்லாரின் சபை அது. நம் போன்றோர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்கவே செய்யாது என்பது வேறு கதை. ஆனாலும் ஆள்சேர்ப்புக்கு இடமில்லாதபடி சிறுவன் கையில் முடிவைக் கொடுத்திருக்கிறார்களே, என்ன நுட்பம் பாருங்கள் என்று காலையில் வியந்து பாடம் சொன்னோம். மாலையில் குழுவைத் திறந்து, யார் யார் பதிந்தார்கள் என்று பார்த்தோம்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. மலையிலிருந்து வரும் மாணவி. அவள் ஊரில் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. சாலை வளைவு ஒன்றுக்கு நடந்து வந்து, அங்கிருந்த பாறைமேல் உட்கார்ந்துதான் வகுப்பைக் கேட்பாள். அவள் பேசினாலே பின்னணியில் காற்று இரையும்.

"ஐயா, பதிஞ்சுட்டேன். இனி எங்க அழுத்தணும்?"

"நீ எங்கம்மா இருக்கே?"

"வளைவுலதாங்கய்யா. தம்பி துணைக்கு வந்திருக்கான். காலையில கிளாஸோட டேட்டா தீந்துபோச்சு, சித்தப்பா போனை வாங்கிட்டு வந்தேன்."

மழை தூறும் ஒலியும் கேட்டது. அந்த வளைவிலிருந்து அவள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அதுவரை நாம் கேட்டதில்லை. அரை மணி நடக்க வேண்டுமாம். பாடம் கேட்க அவள் அவ்வளவு தூரம் நடப்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் பெருமையாகக்கூடச் சக ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம். இது பாடமன்று. ஆசிரியர் ஒரு கும்பிடு போட்டதற்காக, இருட்டுகிற நேரத்தில், தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எதையும் அழுத்த வேண்டாம். முதல்ல வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும். போய்ச் சேர்ந்ததும்..." என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபின் அவளால் தகவல் சொல்ல முடியாது என்பதுகூட அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவு குழுவில் எழுதினோம்: நமக்காக யாரும் அங்கே பதிய வேண்டாம், பதிந்தவர்கள் வாக்களிக்க வேண்டாம், முதலிலேயே சொல்லாதது நம் பிழை. உடனே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று நாம் ஆராயவில்லை. வீட்டுக்காரர் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரக் குடும்பம், கணக்கில் தெளிவு. நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, ஜெயிச்சா எவ்வளவு சம்பளம்?" என்றார். ஒன்றுமில்லை என்றோம். "அதுக்கா?" என்று மட்டும் கேட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அந்த ஒரு சொல் வெகுநாள் காதில் இருந்தது.

தோற்றோம். புனே இளைஞர் வென்றார். நமக்கு விழுந்தவை இரு கை விரல்களுக்குள் அடங்கும். அவற்றில் மாணவர் போட்டவை உண்டா, எத்தனை என்று இன்றுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை.

பத்து நாள் கழித்து வென்றவரிடமிருந்து கடிதம். வாழ்த்துக்கு நன்றி சொல்லிவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்திருந்தார். நம் கழகத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வங்காள முன்பெயர், மலையாளக் குடும்பப்பெயர். பெயர்களைக் கணினி இப்படித்தான் முடிச்சுப் போடும். ஏழடிக்குச் சற்றுக் குறைந்தவன், சென்டர். அவனால்தான் நம் கழகம் மேல்பிரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனைப் பத்து வாரம் கார்டு இடத்தில் ஆடவைத்துப் பந்து கையாளும் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: உங்கள் அறிக்கையில் இருந்த கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

கடன் கேட்டவன் வீட்டுக்கே கடன் கேட்டு ஆள் வந்துவிட்டது! இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பிறகு ஒப்புக்கொண்டோம். பத்து வாரம் என்றது பதினாறாக நீண்டது. அந்தப் பருவ முடிவில் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பையனுக்கு ஏறியது சொற்பம். 21 வயதில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவனை எடுத்தார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து ஆறு நிமிடம் ஆடினான், இரண்டு புள்ளி. வேலைநாளின் விடியலில் உட்கார்ந்து அந்த ஆறு நிமிட வருணனையை இரண்டு முறை படித்தோம். அடுத்த பருவத்தில் அவனுக்கு 22 ஆயிற்று. சம்பளம் தாங்காமல் ஏலத்தில் விட்டோம். ஸ்பெயின் நாட்டுக் கழகம் ஒன்று எடுத்துக்கொண்டது.

2021 செப்டம்பரில் கல்லூரி திறந்தது. முகக்கவசத்தோடு வந்தவர்களில் பாதிப் பேரை அடையாளமே தெரியவில்லை. மலை மாணவியைக் குரலால்தான் அறிந்தோம். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நின்றாள். அன்று நடந்ததற்கு நாம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தொண்டையைச் செருமினோம். அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, அந்த டீமை நான் அழிக்கலீங்க. இன்னும் வெச்சிருக்கேன். ஒரு பையன் இருக்கான், பதினெட்டு வயசு. அவனுக்கு எந்தப் பயிற்சி கொடுக்கறதுன்னு தெரியல."

நாம் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தோம். "உயரம் எவ்வளவு?" என்று கேட்டோம்.