அப்பாவின் வத்தை

தொண்டியில் அப்பா பாய் கட்டி ஓட்டிய பழைய மர வத்தைக்குப் போன வருஷம் நானே பெயின்ட் அடித்தேன். ஒரே மாதத்தில் கொப்புளம். "உப்பைக் கழுவாம, மரம் காயாம அடிச்சா வேற எப்படி இருக்கும்?" என்றார் அப்பா.

இந்த முறை சிப்பியைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, கீற்று நிழலில் காயவிட்டேன். நேர் வெயில் பட்டால் பலகை பிளந்துகொள்ளும். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்கு அடியில் நீலம். அதற்கும் அடியில் அம்மாவின் பெயர். அம்மா போய் ஆறு வருஷம். கை நின்றுவிட்டது.

அப்பா தடவிப் பார்த்தார். "தேய்ச்சிருடா. உரியுற பெயின்ட் மேல அடிச்சா நிக்காது."

தேய்த்தேன். பிரைமர், இரண்டு கோட் நீலம். பிறகு அப்பா பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். எழுத்து கொஞ்சம் கோணல். நாளைக்கே இறக்கலாமா என்று மாமா கேட்டார். இன்னும் ரெண்டு நாள் காயட்டும் என்றேன்.